சுவரில் விழுந்த கறுப்பு வட்டம்

அடுப்பை அணைத்தேனா என்று திரும்பத் திரும்ப எழுந்து போய்ப் பார்ப்பவன் நான். நாற்பதைத் தாண்டியதுமே கிழவனாகிவிட்டேன் என்று மகள் சொல்கிறாள். கிழவன்தான். ஆனால் அலுவலகத்தில் படம் போட்டு விளக்க வேண்டிய நாளில் மட்டும் எனக்குப் பதற்றம் வருவதில்லை. முதல் படத்தைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். பிறகு, "என்ன தெரியுது?" என்று எதிரில் இருப்பவர்களையே கேட்பேன். அம்மா கொடுத்த சொத்து அது. அவளுக்கு அது கிடைத்த விதத்தை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மஹாராஷ்டிராவில், கசார்வாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ஆகுர்டியில் வண்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. அம்மா பிம்ப்ரியில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஜியாக்ரபி எடுத்தாள். நான் ஆறாம் வகுப்பு, அவளிடமே படித்தேன். பள்ளியில் அவளை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். தமிழ் பேசக் கூடாது. ஐந்து வருடமாக அவள் தற்காலிக ஆசிரியை. ஏப்ரலோடு வேலை நின்றுவிடும். ஜூனில் மறுபடி கூப்பிடுவார்களா என்று மே மாதம் முழுக்க வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. என்னுடைய கவலைப்படும் குணம் அந்த மே மாதங்களில்தான் வந்திருக்க வேண்டும்.

அந்த வருடம் பள்ளியில் ஓவர்ஹெட் புரொஜெக்டர் ஒன்று வாங்கினார்கள். கீழே விளக்கு, மேலே கண்ணாடித் தட்டு. தட்டில் பிளாஸ்டிக் தாளை வைத்தால் அதில் வரைந்தது சுவரில் பெரிதாக விழும். இதை வைத்துப் பாடம் நடத்தத் தெரிந்தவருக்கே நிரந்தர வேலை என்று சொல்லிவிட்டார்கள். ஜூலையில் அம்மா நடத்திக் காட்டினாள். பாடம் முழுவதையும் பொடி எழுத்தில் எழுதி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து வாசித்தாள். பின்வரிசையில் நான்கு பேர் தூங்கினார்கள், நான் எண்ணினேன். இதுவும் கரும்பலகைதான், கரன்ட் செலவு மட்டும் கூடுதல் என்றார் தலைமை ஆசிரியை. தசரா முடிந்ததும் பள்ளியை நடத்தும் டிரஸ்டி வந்து பார்ப்பார், அதுதான் கடைசி வாய்ப்பு என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு விடுமுறை நாட்களில் புரொஜெக்டர் அப்பாவின் ஸ்கூட்டரில் எங்கள் வீட்டுக்கு வந்தது. பின்னால் உட்கார்ந்து அதைக் கட்டிப் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. பல்ப் போனால் பம்பாயிலிருந்துதான் வர வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் எனக்கு உயிர் போய் வந்தது.

காலண்டரைக் கழற்றிய சுவரில் அம்மா பழகினாள். சுவரைத் தொட்டுக் காட்டாமல் தட்டின் மேல் பென்சிலை வைத்துக் காட்டினால், எங்களைப் பார்த்தபடியே பேசலாம் என்று கண்டுபிடித்தாள். எழுத்தைக் குறைத்தாள். மலைக்கு ஒரு தாள், ஆற்றுக்கு ஒரு தாள், மழைக்கு ஒரு தாள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். ஆனாலும் எல்லாவற்றையும் அவளேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அக்காவும் தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலையில் ஒவ்வொரு லேத்துக்கும் பொட்டு வைத்துவிட்டு வந்த அப்பா, வீட்டில் ஸ்பானர்கள், அரிவாள்மணை, எங்கள் புத்தகங்களோடு புரொஜெக்டரையும் வரிசையில் வைத்தார். அதன் நெற்றி எது என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடித் தட்டின் நடுவில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்தார். அன்று எதையும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் அம்மா தாளை வைத்து விளக்கைப் போட்டாள். சுவரில் மஹாராஷ்டிரா, அதன் நடுவில் சாஸர் அளவுக்கு ஒரு கறுப்புத் திட்டு.

அப்பா பதறிப்போனார். "ஏலே, துணி எடுல. நாளைக்கு டிரஸ்டி வாராரு, இது வேறயா."

"இருங்க, தொடைக்காதீங்க," என்றாள் அம்மா. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம், "என்னல தெரியுது?" என்று கேட்டாள்.

"கறுப்பா இருக்கு."

"ஏன்?"

"அப்பா பொட்டு வெச்சதால."

"யாரு வெச்சான்னா கேட்டேன்? ஏன் கறுப்பா இருக்கு?"

"வெளிச்சத்த அது மறைக்குல்லா," என்றாள் அக்கா.

அம்மா விளக்கை அணைத்தாள். அப்பா தட்டை ஸ்பிரிட் போட்டு மூன்று முறை துடைத்தார்.

மறுநாள் டிரஸ்டி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். விளக்கு எரிந்தது. சுவரில் மஹாராஷ்டிரா, மலைக்குக் கொஞ்சம் கிழக்கே மறுபடியும் கறுப்பு. நேற்றைவிடச் சிறியது, காம்பஸ் வைத்து வரைந்தது போன்ற வட்டம். வகுப்பு சிரித்தது. பல்ப் கருகிவிட்டது என்றான் ஒருவன். அப்பா துடைத்ததில் மிச்சம் இருந்துவிட்டது என்று நினைத்தேன்.

"மேடம், ஹே காய்?" இது என்ன என்று டிரஸ்டி மராத்தியில் கேட்டார்.

அம்மா எங்கள் பக்கம் திரும்பி, அதே கேள்வியை எங்களிடம் கேட்டாள். ஏதோ வெளிச்சத்தை மறைக்கிறது என்றார்கள். கடலிலிருந்து வரும் மழைமேகத்தை எது மறைக்கும் என்று கேட்டாள். சஹ்யாத்ரி என்று கத்தினோம். அப்படியானால் மலைக்குப் பின்னால் இருக்கும் ஊர்கள்? மழைத் தாளை எடுத்து மேலே வைத்தாள். கடற்கரையில் நீலப் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மலையைத் தாண்டியதும் ஒன்றிரண்டுதான். டிரஸ்டி தன்னையறியாமல் கை தூக்கினார். தன் ஊர் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது, இன்றும் அங்கே டேங்கரில்தான் தண்ணீர் வருகிறது என்றார். அவரிடம் கேள்வி கேட்க எத்தனை கைகள் எழுந்தன என்பதை என்னால் எண்ண முடியவில்லை.

அம்மாவின் வேலை நிரந்தரமாயிற்று. அடுத்த மே மாதம் நாங்கள் வயிறாரச் சாப்பிட்டோம். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா, "மூணு தடவ தொடச்சேன். அம்மன் குங்குமம், போவேனான்னுட்டு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா மறுத்ததே இல்லை. காபி கொண்டுவரும் சாக்கில் உள்ளே போய்விடுவாள்.

டிரஸ்டி வந்த அன்று அவள் எங்கள் பக்கம் திரும்பியபோது நெற்றியில் பொட்டு இல்லை. காலையில் ஸ்கூட்டரில் ஏறும்போது மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. பொட்டில்லாத அம்மாவை நான் அதுவரை பார்த்ததே இல்லை. டிரஸ்டி இதைக் கவனித்திருப்பாரோ என்று பாடம் முடியும்வரை தவித்தேன். எல்லோரும் வெளியே போனதும் அவள் பக்கத்தில் போய், "மிஸ், பொட்டக் காணும்," என்றேன்.

பள்ளிக்கூடத்துக்குள் முதல் தடவையாக என்னிடம் தமிழில் பேசினாள். "வேலைக்குப் போயிருக்குல. வந்துரும்."

கூச்சத்தை மறைக்க ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தேன். மேஜைக்கு அடியில், முதல் வரிசை பெஞ்சுகளுக்கு அடியில், கதவு வரைக்கும் குனிந்து குனிந்து தரையெல்லாம் தேடினேன். கண்ணாடித் தட்டைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.