பாவுக்கு வைத்த கஞ்சி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஆரணியில், என் தங்கை வீட்டில் ஒரு திருட்டு. திருடியது வேறு யாருமில்லை — அவள் மகள் ரூத்துதான். திருடிய பொருள்? சொன்னால் சிரிப்பீர்கள்... தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குப் போட வைத்திருந்த கஞ்சி!

சிரிக்க வேண்டாம். ரூத்துக்கு நீரிழிவு.

அது பெரியவர்களுக்கு வருகிற வியாதி அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். குழந்தை செம்பு செம்பாய்த் தண்ணீர் குடித்தாள். சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. வேலூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். "இதற்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. சோறு, கஞ்சி, வெல்லம் எதுவும் கூடாது. முட்டை, கறி, கீரை கொடுங்கள். கொஞ்ச காலம் தள்ளலாம்" என்றார். குணமாகுமா என்று தங்கை கேட்டாள். அவர் கை கழுவப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சோறு பொங்குவதில்லை. அரிசிப் பானை என் வீட்டுக்கு வந்துவிட்டது. தங்கையும் மச்சானும் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். தொண்டையில் இறங்குமா? தறி மிதிக்க வேண்டுமே... இறக்கித்தான் ஆக வேண்டும்.

எல்லாவற்றையும் ஒளித்தோம். பாவுக் கஞ்சியை மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை. பட்டு நூலுக்கு விறைப்பேற்றுகிற சரக்கு அது. நெசவுக்காரர் எவரும் அதைச் சாப்பாடு என்று எண்ணுவாரா?

நான் போனபோது தெருவில் பாவு நீட்டிக் கட்டியிருந்தது. பக்கத்தில் ரூத் சட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயெல்லாம் கஞ்சி.

"இன்னாடி பண்ணிகினு கீற! ஐயோ, ஜல்தி புடுங்குண்ணா!" என்று தங்கை அலறினாள்.

"இன்னும் ஒரே ஒரு வாய் மாமா... பசிக்குது மாமா" என்றாள் ரூத்.

பிடுங்கினேன். பாவி நான், பிடுங்கிவிட்டேன். அந்தக் குச்சிக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்துதான் வந்ததோ! அவள் அழக்கூட இல்லை. விரலை நக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். பசிக்கிற பிள்ளையிடமிருந்து கஞ்சியைப் பறிப்பதற்குப் பெயர் வைத்தியமாம்!

மச்சான் சட்டியை வாங்கிச் சாக்கடையில் கவிழ்த்தார். "இனிமே இந்த வூட்ல கஞ்சியே வாணாம் மச்சான். நூலு அறுந்தா அறுந்துட்டுப் போவட்டும்" என்றார்.

சொன்னபடியே கஞ்சி போடாமல் நெய்கிறார். நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. அவரும் சலிக்காமல் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கிறார். ரூத் தறிக்குப் பக்கத்தில் பாயில் படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இப்போது அவளால் எழுந்து உட்கார முடிவதில்லை.

நூலுக்காவது ஒரு முடிச்சு இருக்கிறது.