ஆறே காலுக்கு வரும் காடு

இதை முதலில் என் அக்காவிடம்தான் சொன்னேன். "தனியா இருந்து இருந்து உனக்கு மறை கழண்டுடுச்சுடி" என்றாள். பாதி சரி. நான் தனியாகத்தான் இருந்தேன். மீதிப் பாதியை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் அன்று கேட்டது நான் மட்டுமில்லை, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் கேட்டார்.

என் வேலை ஒரு மலைச்சரிவில் காடு வளர்ப்பது. முன்பு அங்கே மழைக்காடு இருந்தது. வெட்டிவிட்டார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் மட்டும் பழைய மரங்கள் மிச்சம். வெட்டிய இடத்தில் நாங்கள் நட்ட கன்றுகள் என்னைப்போல இரண்டு ஆள் உயரத்துக்கு வந்துவிட்டன. பறவைகள்தான் வரவில்லை. பழம் தின்று விதை போட அவை வராமல் அந்த இடம் காடாகாது. வருடம் முடிவதற்குள் அவை திரும்பாவிட்டால் சரிவை எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

அதற்குத்தான் ஒலிபெருக்கி. காட்டை வெட்டுவதற்கு முந்தின மாலை யாரோ அதன் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருந்தார். அதைத் தினமும் ஆறே காலுக்குக் கன்றுகளுக்கு நடுவே ஓடவிடுவேன். இங்கே ஏற்கெனவே கூட்டம் இருக்கிறது என்று நம்பி ஓடைக்கு அப்பாலிருந்து பறவைகள் வரவேண்டும். வியாபாரமில்லாத கடையில் நாலு பேரை உட்காரவைத்துக் கூட்டம் காட்டுவதுபோலத்தான்.

முதலில் சிள்வண்டு. பிறகு குக்குறுவான் பறவைகள். கடைசியில் இருவாச்சி, பழைய ரயில் மூச்சு விடுவதுபோல இறக்கையடித்துக்கொண்டு. நடுவில் ஓர் இருமல். பதிவு செய்த மனிதருடையது. தினமும் அதே இடத்தில் இருமுவார். ஒருநாள் விளையாட்டாக, "தண்ணி குடிங்க" என்றேன். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. சில நாட்கள் நான் வாய் திறந்து பேசியதே அந்த இரண்டு வார்த்தைதான். அவர் பெயர் தெரியாது. உயிரோடு இருக்கிறாரா, தெரியாது. ஆனாலும் ஆறு மணியானால் முகம் கழுவி, தலை வாரிக்கொண்டுதான் போவேன். யாருக்காக என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் அழுகை வந்துவிடும் என்று தெரியும்.

ஒரு மாலை, "தண்ணி குடிங்க" என்றதும்...

"ம்."

திரும்பப் போட்டுக் கேட்டேன். இருமல் இருந்தது. அந்த "ம்" இல்லை.

காற்றாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் இன்னொன்று கவனித்தேன். ஒலிபெருக்கியை என் இடுப்பு உயரத்தில் கட்டியிருந்தேன். இருவாச்சியின் சத்தமோ என் தலைக்கு மேலே, வெகு உயரத்தில் கடந்து போயிற்று. அண்ணாந்து பார்த்தேன். வெறும் வானம். வெட்டுப்பட்ட மரங்களின் உச்சி அந்த உயரத்தில்தான் இருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் பறவைகளைக் கணக்கெடுக்க ஒரு அக்கா வந்தார். எல்லோரும் அவரைக் காதுக்காரம்மா என்பார்கள். இலை விழுந்தால்கூட எந்த மரத்து இலை என்று சொல்லிவிடுவார் என்று பேச்சு. அவர் காதால் கேட்டு எழுதுவார். துணைக்கு ஒரு பதிவு மெஷினும் ஓடும்.

"ஸ்பீக்கரை நிறுத்திடும்மா. உன் டேப்புல கத்தறத எண்ணிட்டுப் போறதுக்கு நான் வரல."

"பேட்டரியையே கழட்டிடறேன்கா."

"கழட்டி உன் மடியிலயே வச்சுக்க. என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும். நான் நிறைய கில்லாடிங்கள பாத்தவ."

பழைய மரமொன்றின் அடிக்கட்டையில் சாய்ந்து உட்கார்ந்தோம். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. "மனச தேத்திக்கம்மா" என்றார். நான் தலையாட்டினேன். சரிவு போனால் எனக்குத் திரும்பிப் போக வேறு இடம் இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மூன்றாம் நாள், கடைசி மாலை. பேட்டரி என் மடியில் கனத்தது.

ஆறே கால்.

சிள்வண்டு...

காதுக்காரம்மா என் மடியைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

குக்குறுவான். ஒன்றல்ல, பல. எல்லாம் மேலே.

அவர் பேனா ஓடியது.

இருமல்.

நாங்கள் சாய்ந்திருந்த கட்டைக்குப் பின்னால்...

"யாரது?" என்றார் காதுக்காரம்மா கிசுகிசுப்பாக.

என் வாய் தானாகவே திறந்தது. "தண்ணி குடிங்க."

"குடிச்சாச்சு."

வீட்டு ஆள்போல. நிதானமாக.

நாங்கள் திரும்பவில்லை.

எழவும் முடியவில்லை.

மேலே இறக்கைகள் கடந்து போயின... பிறகு நிசப்தம்.

கீழே இறங்கும் வழியில் காதுக்காரம்மா ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "காதுல விழுந்தத எழுதறதுதான் என் வேலை. எழுதிட்டேன்."

பறவைகள் திரும்பிவிட்டன என்று அறிக்கை போயிற்று. சரிவு தப்பியது. நான் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்க மாட்டேன். பத்து நாள் கழித்து அவரிடமிருந்து போன்.

"உக்காந்திருக்கியா?"

"சொல்லுங்கக்கா."

"மெஷின்ல பதிவானத இன்னிக்குத்தான் கேட்டேன். அன்னிக்கு சாயங்காலம்... ஒரு பறவைகூட இல்லம்மா."

"வேற என்ன இருக்கு?"

அவர் அந்தப் பதிவைப் போனிலேயே ஓடவிட்டார்.

மெஷின் ரம்பம். நூறு அடி மரம் முறியும் சத்தம். "விலகு, விலகு" என்று ஆட்களின் கூச்சல். தரை அதிர்கிறது. மறுபடி ரம்பம். இன்னும் கிட்டே. இன்னும் கிட்டே... சட்டென்று அதன் வேகம் குறைகிறது. ஓர் ஆண் குரல்.

"அணைடா. மரத்தடியில ரெண்டு பொம்பளைங்க உக்காந்திருக்காங்க. எவ்வளவு கத்தியும் நகர மாட்டேங்கறாங்க. ஒருத்தி மடியில ஏதோ பெட்டி."

ரம்பம் நின்றது. அதற்குப் பிறகு பதிவில் எதுவும் இல்லை.

காதுக்காரம்மா அறிக்கையை மாற்றவில்லை. அந்தப் பக்கம் திரும்பி வரவும் இல்லை. அந்த ரம்பம் மறுபடி ஓடிவிடக் கூடாதென்று நான் மட்டும் தினமும் ஆறே காலுக்குப் போய், அதே கட்டையில் சாய்ந்து, பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரே ஒரு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன்.

மறுநாள் ஓடையைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். கரையோரம் நான் தினமும் பார்த்த பெரிய மரம் அங்கே இல்லை. அடிக்கட்டை மட்டும் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். மரத்தூள் இல்லை, பால் வடியவில்லை. உள்ளே மக்கியிருந்தது. மேலே விரல்கடை கனத்துக்குப் பாசி. வெட்டிப் பல வருடம் ஆகியிருக்கும்.