சிரிக்கிற பெண்களின் கடைசி அத்தியாயம்

என் மகள் கல்லூரிக்குப் போகத் தாம்பரத்தில் ரயில் ஏறுகிறாள். தோழிகளோடு வாய்விட்டுச் சிரிப்பாள். போன வாரம் நடைமேடையில் வைத்து, "மெல்லச் சிரி, நாலு பேர் பாக்குறாங்கல்ல" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

அது என் பெரியப்பாவுடையது. எண்பதுகளில் அவர் ஒரு வார இதழில் தொடர்கதை எழுதிவந்தார். சேலையூரில் எங்கள் தெருப் பெண்கள் அதை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைத்துக்கொள்வார்கள். அவர் கதைகளில் இரண்டே வகைப் பெண்கள்: அழுகிறவர்கள், சிரிக்கிறவர்கள். அழுகிறவர்களிடம் கணவன் திரும்பி வந்துவிடுவான். சிரிக்கிறவர்கள் கடைசி அத்தியாயத்தைத் தாண்டியதில்லை. பெண் மனதை அறிந்தவர் என்று பெரியப்பாவுக்குப் பெயர்.

அவருடைய தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தார். ரயிலில் நகரத்துக்கு வேலைக்குப் போய்வருவார். ஜன்னலோரம் உட்கார்ந்து வறுத்த வேர்க்கடலையைத் தேய்த்து, தோலை ஊதிப் பறக்கவிட்டுச் சிரிப்பார். எனக்கும் ஒரு பொட்டலம் வரும். அந்த வருடத் தொடர்கதையின் நாயகியும் அதே ரயிலில் அப்படியே கடலை தின்றாள். கூடுதலாக, எதிர் இருக்கைக்காரனோடு பழகிக் கெட்டுப்போனாள். அந்தக் கூடுதல் மட்டும் பெரியப்பாவின் கற்பனை.

செம்பாக்கத்திலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, டிரெய்ன்ல கடலை வாங்கித் தின்னுவியா?"

"தின்னுவேனே. தோலை ஊதி விடுறதுதான் ஜாலி" என்று அத்தை சிரித்தார்.

அந்த அம்மாள் கேசரியைக் கீழே வைத்துவிட்டார். போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். சொல்லியனுப்பவில்லை.

பெரியப்பா அப்பாவிடம், "அந்தம்மாவுக்கு என் கதாநாயகி நிஜப் பொண்ணாவே தெரிஞ்சிருக்கா பாரு" என்றார். குரலில் பெருமை இருந்தது. பிறகு அத்தையின் பக்கம் திரும்பி, "நீயும் கொஞ்சம் மெல்லச் சிரிச்சிருக்கலாம். நாலு பேர் பாக்குறாங்கல்ல" என்றார்.

அவர் கடைசி அத்தியாயம் எழுத உட்கார்ந்த அன்று, அத்தை மேசையருகே போய் நின்றார்.

"அவள கொன்னுடாதண்ணா."

"பின்ன என்ன பண்ணச் சொல்ற? இனி அவள எவன் கட்டிக்குவான்?"

"யாரும் கட்டிக்க வேணாம். அவ பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டு வரட்டும்."

"அதை எவ காசு குடுத்துப் படிப்பா?" என்று பெரியப்பா பேனாவைத் திறந்தார்.

அந்த இதழ் வந்தபோது அவள் பல்லாவரம் தாண்டித் தண்டவாளத்தில் கிடந்தாள். தெருப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கங்களை பைண்டு செய்யக் கொடுத்தார்கள். அத்தை இதழை மடியில் வைத்து அழுதபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

"கதைதானே அத்தை. நிஜமா யாரும் சாகலையே" என்று தேற்றினேன். அவர் எனக்காகத் தலையாட்டினார்.

மறுநாளிலிருந்து அத்தை இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனார். என் கடலைப் பொட்டலம் நின்றுபோனது. பஸ்ஸில் கடலை விற்கமாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.