அமுலு திறக்காத தண்ணீர்

குடிநீர்ப் பிரிவு அலுவலகத்தில் அன்று எனக்குக் காலைமுறை. ஏழரை மணிக்குப் புகார் தொலைபேசி ஒலித்தது. நீளத் தெருவிலிருந்து ஒரு பெண் பேசினார்.

"மேடம், இன்னும் தண்ணி வுடல. அமுலு ஃபோனும் எடுக்கல. இன்னான்னு பாருங்கம்மா."

பதிவேட்டைத் திறந்து, 'குடிநீர் திறக்கப்படவில்லை. ஊழியர் பணிக்கு வரவில்லை' என்று எழுதினேன். எழுதும்போது எனக்குள் சிறியதாக ஒரு மகிழ்ச்சி இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த இந்த ஐந்து ஆண்டுகளில், அமுலு தண்ணீர் திறக்க வரவில்லை என்று வந்த முதல் புகார் அது. கையெழுத்துகூட அன்று சற்று அழகாகவே இருந்தது.

இருபது நிமிடம் கழித்து அதே பெண் மறுபடியும் அழைத்தார். "மேடம், அந்தக் கம்ப்ளெய்ன்ட்ட அடிச்சிடுங்க. அமுலு செத்துட்டாங்களாம். விடியக்காலைல நெஞ்சு வலியாம்."

அந்த வரியை நான் அடிக்கவில்லை.

இந்த அஞ்சலியை நான் எழுத வேண்டும் என்று அலுவலக நண்பர்கள் கேட்டார்கள். நன்றாகத் தமிழ் எழுதுகிறவள் என்பதுதான் காரணம். நான் அமுலு என்கிற அமுதவல்லி அவர்களை நேசித்தவள் என்று அவர்கள் நினைத்திருந்தால் அது தவறு. நான் அவர் மீது பொறாமைப்பட்டவள். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதினால் பாதிக்கு மேல் பொய்யாகிவிடும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். பாலாற்றுக்கு அக்கரையில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். திருமணமாகி காஞ்சிபுரத்துக்கு வந்தார். கணவர் எங்கள் அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியர். தெருமுனைகளில் பூமிக்கு அடியில் இருக்கும் வால்வுகளைத் திறந்து மூடி, எந்தத் தெருவுக்கு எப்போது குடிநீர் போக வேண்டுமோ அப்போது அனுப்புவது அவர் வேலை. முதுகில் அடிபட்டு அவர் படுத்தபோது, வால்வைத் திருகும், இடுப்பளவு உயரமுள்ள இரும்புச் சாவியை மனைவி கையில் எடுத்தார். கணவர் மறைந்த பிறகும் கீழே வைக்கவில்லை. பழைய மொபெட்டில் சாவியைக் குறுக்கே கட்டிக்கொண்டு, புடவைக்கு மேல் ஆண்சட்டை அணிந்து, பெரிய காஞ்சிபுரத்தின் நெசவாளர் தெருக்களில் அவர் போவதைப் பார்க்காதவர் அந்தப் பக்கத்தில் குறைவு. ஆவணங்களில் அவர் அமுதவல்லி. தெருக்களில் அமுலு. பெரியவர்களுக்கும் அமுலு, பள்ளிப் பிள்ளைகளுக்கும் அமுலு அக்கா.

நான் தேர்வெழுதி இளநிலை உதவியாளராக வந்தவள். குடிநீர்ப் பிரிவில் புகார் பதிவேடும் விநியோகப் பட்டியலும் என் பொறுப்பு. கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "அமுலு இல்லியா மேடம்?" என்பதைத்தான். இல்லை என்றால் என்னிடம் எதுவும் சொல்லாமல் திரும்பிப் போவார்கள். மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் பொறியாளர், "அந்த வார்டுல மட்டும் புகாரே வர்றதில்ல பாருங்க" என்பார். புகார் வராததற்கு நான் காரணமில்லை என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

மதிய வேளையில் நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறவள். யாரும் தொந்தரவு செய்வதில்லை. அவர் மட்டும் வந்து எதிரே உட்கார்ந்து, "இன்னா கதை மேடம்?" என்று கேட்பார். ஒருநாள் தவிர்க்க முடியாமல் கொஞ்சம் சொன்னேன். மறுநாள், "அந்தப் பொண்ணு இன்னா ஆனா? வூட்ட வுட்டுப் போனாளா இல்லியா?" என்று வந்து நின்றார். இப்படியே ஒரு முழு நாவலையும் என்னிடமிருந்து வாங்கிவிட்டார். சில வாரங்கள் கழித்து, அடைப்பு ஒன்றைப் பார்க்க நீளத் தெருவுக்குப் போயிருந்தேன். தறியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என்னிடம், "அமுலு ஒரு கதை சொன்னா மேடம், அழுதுட்டோம்" என்றார். நான்கு நாட்களில் நான் தனியாகப் படித்து முடித்த கதைக்கு ஒரு தெருவே அழுதிருக்கிறது. அன்று வீடு திரும்பும்வரை பஸ்ஸில் எனக்கு அதே நினைவு.

அவரிடம் குறைகள் இல்லாமல் இல்லை. எந்த வால்வு எங்கே இருக்கிறது, எது எத்தனை சுற்று என்பதை ஒருபோதும் எழுதித் தரமாட்டார். நான் வரைபடம் கேட்டால், "எல்லாம் தலைக்குள்ள இருக்குது மேடம்" என்று சிரிப்பார். தன்னைக் கேட்காமல் எதுவும் நடக்காது என்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. நான் புதிதாக விநியோகப் பட்டியலைக் கணினியில் தயாரித்து, தெருவாரியாக நேரம் குறித்து ஒட்டியபோது, வராந்தாவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நம்ம மேடம் கம்ப்யூட்டர்லியே தண்ணி ஊத்துறாங்கப்பா. கொடத்த அங்க கொண்டு போய் வைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மறக்கவில்லை.

அந்தப் பட்டியலில் நீளத் தெருவுக்குக் காலை ஆறு மணி. அமுதவல்லி அவர்கள் அதை அப்படியே பின்பற்ற மாட்டார். அங்கே பாவு போடுகிற நாள் என்றால் தண்ணீரை மதியத்துக்குத் தள்ளிவிடுவார். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தறியில் ஏற்றுவதற்கு முன், புடவையின் நீளவாட்டுப் பட்டிழைகளான பாவைத் தெருவின் நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, சீர்செய்து, கஞ்சி போட்டு, இளவெயிலில் உலர்த்துவார்கள். முடிகிறவரை அந்தத் தெருவில் யாரும் குறுக்கே போகமாட்டார்கள், ஒரு சொட்டுத் தண்ணீரும் சிந்தமாட்டார்கள். யார் வீட்டுப் பாவு என்றைக்கு என்று அவர் வாராவாரம் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போவார். நான் ஒருமுறை, "ஒவ்வொருத்தர் வசதிக்கும் நேரத்த மாத்தினா அப்புறம் பட்டியல் எதுக்கு?" என்றேன்.

"தண்ணிக்கு ஏது மேடம் நேரம்? ஜனத்துக்குத்தான் நேரம் இருக்குது" என்றார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை. உறவினர் திருமணத்துக்காக அவர் இரண்டு நாள் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். மாலையில் என்னை ஃபோனில் அழைத்தார். பின்னால் மேளச் சத்தம்.

"மேடம், நாளைக்கு நீளத் தெருவுல ஏகாம்பரம் அண்ணன் வூட்டுப் பாவு. இப்பதான் ஃபோன் பண்ணாரு. மாத்து ஆளுகிட்ட சொல்லிடுங்க, மத்தியானம் தொறந்தா போதும்னு. தெரு நடுவுல ஒரு பழைய பைப் ஜாயின்ட் இருக்குது, வேகமா தொறந்தா பீச்சிக்கினு அடிக்கும். மறந்துடாதீங்கம்மா."

"சரி" என்றேன்.

நான் மறக்கவில்லை. மாற்று ஊழியர் அரைமணி நேரம் கழித்து என் மேசைக்கு வந்து பட்டியலை வாங்கிப் போனார். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரே ஒரு நாள், அவர் இல்லாமலும் அந்தத் தெருவுக்குப் பட்டியல்படி தண்ணீர் போகட்டும் என்று நினைத்தேன். பழைய இணைப்பு, பீய்ச்சல் என்பதெல்லாம் அவர் தன் முக்கியத்துவத்துக்காகச் சொல்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நானும் தறிவீட்டில் பிறந்தவள்தான். பாவு நனைந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலை ஆறு மணிக்கு மாற்று ஊழியர் வால்வை முழுவதும் திறந்தார். தெரு நடுவே குழாய் இணைப்பு பிளந்து, தண்ணீர் ஆளுயரத்துக்கு எழுந்து, ஏகாம்பரம் அவர்களின் பாவின் மீது விழுந்தது. மூன்று புடவைக்கான பாவு. ஒரே வீட்டுக் கல்யாணத்துக்கு நெய்யவேண்டியது. அரக்குச் சாயம் இறங்கி, சந்தன நிற இழைகளில் திட்டுத்திட்டாகப் படிந்துவிட்டது. இழை இழையாகத் துடைத்தும் போகவில்லை.

திங்கட்கிழமை பொறியாளர் அறையில் விசாரணை. மாற்று ஊழியர், "பட்டியல்ல ஆறு மணின்னு இருந்துச்சு சார். வேற எதுவும் எங்கிட்ட சொல்லல" என்றார். ஏகாம்பரம் அவர்கள், "நான் அமுலுகிட்ட மொத நாளே சொன்னேன் சார்" என்றார். பொறியாளர் அமுதவல்லி அவர்களைப் பார்த்து, "ஆபீஸ்ல தகவல் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"மறந்துட்டேன் சார்" என்றார். "கல்யாண வூடு. கவனமில்ல."

ஏகாம்பரம் அவர்கள் எழுந்து, "உன்ன நம்பினேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

படிக்கட்டில் ஓடிப்போய் அமுதவல்லி அவர்களைப் பிடித்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அதுவரை என்னை மேடம் என்று அழைத்தவர், அன்று முதன்முறையாக வேறு மாதிரி பேசினார்.

"நீ இன்னும் பர்மனென்ட் ஆவல. இப்ப ஒரு மெமோ வந்தா எல்லாம் நின்னுபூடும். என்ன இன்னா பண்ணுவாங்க, வேற வார்டுல தூக்கிப் போடுவாங்க. போவட்டும்." இரண்டு படி இறங்கியவர் நின்றார். "ஆனா ஒண்ணு. என்னிக்காவது சொல்லணும்னு தோணுச்சுன்னா, நீயாதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

நான் சொல்லவில்லை. 'தகவல் தெரிவிக்கத் தவறினார்' என்று அவர் கோப்பில் ஏறியது. அவரைச் செவிலிமேடு பக்கம் மாற்றினார்கள். எட்டு மாதம் கழித்து நெசவாளர் தெருக்காரர்களே மனுக்கொடுத்துத் திரும்ப வரவழைத்தார்கள். ஒரு வீடு மட்டும் அந்த மனுவில் கையெழுத்துப் போடவில்லை. ஏகாம்பரம் அவர்கள் அதன்பின் அவருடன் பேசவே இல்லை. அமுதவல்லி அவர்கள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். ஊரே கொண்டாடும் ஒருவரை ஒரு வீடாவது வேண்டாம் என்கிறதே என்று, வெட்கமில்லாமல், நான் உள்ளூர ஆறுதல் அடைந்ததுண்டு. எனக்குப் பணி நிரந்தரமானது. அவர் மறுபடியும் என்னை மேடம் என்றே அழைத்தார். எதிரே உட்கார்ந்து கதை கேட்டார். ஒருநாள்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவரை வெறுக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

இங்கே எழுதியிருப்பதைத் தனியே ஒரு கடிதமாகவும் பொறியாளரிடம் கொடுத்துவிட்டேன். "இறந்தவங்க ஃபைல்ல என்ன இருந்தா என்னம்மா?" என்று கேட்டார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டார். அதன்மேல் என்ன நடவடிக்கை வந்தாலும் சரி.

அவர் மறைந்த அன்று அலுவலகத்திலிருந்து நான்கு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். சந்து முழுவதும் கூட்டம். பட்டுக்கடை ஊழியர்கள், நெசவாளர்கள், பூ விற்கிறவர்கள், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள். நான் இறந்தால் இதில் பத்தில் ஒரு பங்கு வருமா என்று எண்ணிப் பார்த்தேன். அங்கேயும் அந்த எண்ணம் என்னை விடவில்லை.

மகள் ரேவதி தாயின் அருகில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா உங்களப் பத்தி எப்பவும் பேசும் மேடம். நெறைய படிச்ச பொண்ணுன்னு." பிறகு வாசல்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஏகாம்பரம் மாமா வந்திருக்காரு. உள்ள வரல, தெருமுனையிலியே நிக்கிறாரு. அம்மா வேலையில ஒரே ஒரு தப்புதான் பண்ணிச்சு மேடம். அந்த ஒண்ண அவரு மன்னிக்கவே இல்ல. சாவுற வரைக்கும் அதுக்கு அந்தக் கவலதான்."

"அது உங்க அம்மாவோட தப்பு இல்ல" என்றேன். "உங்க அம்மா எங்கிட்ட சொன்னாங்க. நான்தான் வேணும்னே சொல்லாம விட்டேன்."

ரேவதி கையை விட்டுவிட்டார். சுற்றியிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள்.

"எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்?" என்றார் ரேவதி. "அவரு வெளிய நிக்கிறாரு. போய்ச் சொல்லுங்க."

சந்தின் முனைவரை நடந்தேன். ஏகாம்பரம் அவர்கள் ஒரு மின்கம்பத்தின் ஓரமாக, கையில் மாலையோடு நின்றிருந்தார். கூட்டத்தின் நடுவே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். வியாழக்கிழமை வந்த அழைப்பு, நான் சொன்ன 'சரி', விசாரணை அறை, படிக்கட்டு எல்லாவற்றையும். முடித்ததும் அடி விழும் என்றே நினைத்தேன்.

அவர் என்னைத் தாண்டி நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தலைமாட்டில் நின்றார். மாலையைப் போடவில்லை.

"ஏம்மா அமுலு" என்று ஆரம்பித்தார். "மூணு வருஷம் எதிர்ல வந்தா மூஞ்சத் திருப்பிக்கினு போனேனே. 'நான் இல்லண்ணே'ன்னு ஒரு வார்த்த சொல்ல வாயில்லியா உனக்கு? ஊருக்கெல்லாம் பேசுவியே! திமிர் புடிச்சவ. உனக்கு எப்பவும் திமிருதான். எங்கிட்ட சொன்னா நான் இன்னா, அந்தப் பொண்ணக் கொன்னா போட்டுடுவேன்? எந்திரிம்மா. எந்திரிச்சி பதில் சொல்லு."

குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. மூன்று ஆண்டுகளாகப் பேசாமல் வைத்திருந்த பேச்சையெல்லாம் வசவாகவே கொட்டினார். ரேவதியும் தடுக்கவில்லை. நான் வாசலில் நின்றுகொண்டு, அதில் ஒரு சொல்லாவது என் பக்கம் திரும்பும் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. அவ்வளவும் எனக்கு வரவேண்டியது. அவ்வளவும் அவருக்கே போய்க்கொண்டிருந்தது. அப்படி ஒருவர் என்னைத் திட்ட மாட்டாரா என்று அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

அமுதவல்லி அவர்களே, உங்கள் மீதிருந்த அந்த ஒரு பிழையை நான் எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் உங்களுடையது. நிம்மதியாகப் போங்கள்.