குரூப்பிலிருந்து நான் நீக்கிய லில்லி அக்கா

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அந்த யோசனை வந்தது. ஆராதனைக்குப் போக செவிலிமேடு பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். என்னோடு ஓய்வுநாள் பள்ளியில் படித்த மூன்று பேர் எதிர்ப்பக்கத்தில் யூனிஃபார்மில் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். மூவரும் தலை குனிந்திருந்தார்கள். ஜெபத்தில் அல்ல, போனில். அவர்களுக்கு ஞாயிறும் ஷிப்டுதான். சபைக்கு வர முடியாதவர்கள் கைக்கே சபையைக் கொண்டுபோனால் என்ன? அவர்கள் பஸ் வருவதற்குள் வாட்ஸ்அப்பில் குரூப் தொடங்கிவிட்டேன். பெயர்: சீஷர்கள்.

இரண்டே மாதத்தில், என்னைத் தவிர, இருபத்து நான்கு பேர். காலை ஆறு மணிக்கு நான் ஒரு வசனம் போடுவேன். அன்றைக்கு அதை எப்படி வாழப்போகிறோம் என்று எல்லோரும் ஒரே வரியில் டைப் செய்ய வேண்டும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. போதகரைப் பார்க்கும்போதெல்லாம் போனை நீட்டினேன்.

லில்லி அக்காவால் மட்டும் டைப் செய்ய முடியாது. சபையில் பாய் விரிப்பவர். சின்ன காஞ்சிபுரத்தில் தறி வீடுகளுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுப்பவர். எழுதப் படிக்கத் தெரியாது. வசனத்தை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நாலு நிமிஷத்துக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். பின்னால் தறிச் சத்தம். நடுவில், "யே, அந்தப் பூனையத் தொரத்து!"

ஐ.டி. வேலையில் இருக்கும் ஜோயல் எனக்குத் தனியாக எழுதினார்: "சிஸ்டர், மீட்டிங்ல இருக்கறப்போ இதெல்லாம் எப்படிக் கேக்கறது? குரூப்போட குவாலிட்டி போகுது." உடனே விதி போட்டேன்: வாய்ஸ் மெசேஜ் கூடாது. அந்த விதியை அக்காவால் வாசிக்க முடியாது என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. மறுநாளும் அனுப்பினார். நீக்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அக்கா போனோடு வந்தார். "பாப்பா, நம்ம குரூப்பு இதுல வரமாட்டேங்குதே. போன் கெட்டுப் போச்சா, பாரும்மா."

"நெட் பிரச்சனைக்கா. சரியாயிடும்."

சபை வாசலில் நின்று சொன்ன பொய்.

இந்த ஜூலையில் பாலாற்றுப் பாலத்தருகே வண்டியிலிருந்து விழுந்தேன். வலது தொடை எலும்பு முறிந்தது. என் ரத்தம் ஓ நெகட்டிவ். ஒரு யூனிட்டாவது கையில் இல்லாமல் ஆபரேஷன் முடியாது என்றார் டாக்டர். ரத்த வங்கியில் அந்த வகை இருப்பில் இல்லை. கால் வீங்கிக்கொண்டே போனது. தள்ளிப்போனால் பழையபடி நடப்பது கஷ்டம் என்றார்கள். அப்பா இல்லாத வீடு. அம்மா யாரிடம் ஓடுவார்?

குரூப்பில் எழுதினேன். ஐந்தே நிமிடத்தில் பதில்கள் குவிந்தன. கூப்பிய கைகள். "ஆமென்." "ஜெபிக்கிறோம் சிஸ்டர்." ஜோயல் ஒரு வசனம் அனுப்பினார், பிழையில்லாமல். எந்த ஆஸ்பத்திரி என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு நாள் அப்படியே போனது.

சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். "ஆண்டவரே, இந்த இருபத்து மூன்று பேரில் ஒருத்தரையாவது அனுப்பும்."

எனக்குத் தெரியாமல் அம்மா லில்லி அக்காவுக்குப் போன் செய்திருந்தார். "பொண்ணுக்காக ஜெபம் பண்ணிக்கோ லில்லி."

"அது பண்ணிக்கினுதான் இருப்பேன்க்கா. என்ன ரத்தம் வேணும், அத்தச் சொல்லு முதல்ல."

சொன்னது மறந்துவிடும் என்று, பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதச் சொல்லியிருக்கிறார். அந்தக் கையை நீட்டிக்கொண்டு தறி வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார்.

வியாழக்கிழமை காலை என் கட்டிலருகே ஒரு நெசவாளரோடு வந்து நின்றார். நெற்றி நிறையத் திருநீறு. ரத்தம் கொடுத்துவிட்டு வந்த கையோடு அவர் சொன்னார்: "ஜூஸ் குடுப்பாங்களேன்னு வந்தேம்மா. இந்தம்மா கைய நீட்டிக்கினு நிக்குது, ஏதோ கடன் கேக்குதுன்னு பாத்தா, என் ரத்தம் எழுதியிருக்குது!"

மை அழியாத அந்தக் கையை அக்கா என் தலைமேல் வைத்து ஜெபித்தார். முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "நெட்டு சரியாயிடுச்சா பாப்பா?"

"நெட் இல்லக்கா. நான்தான் உன்ன எடுத்துட்டேன்."

"தெரியும்மா. நூல் குடுக்குற வீட்டுப் புள்ள அன்னிக்கே சொல்லிடுச்சு. நீயா சொல்லுவியான்னு பாத்தேன்."

அன்று மாலையே ஆபரேஷன் நடந்தது. என் ஜெபத்துக்கு ஆண்டவர் பதில் கொடுத்தார். நான் கேட்ட இருபத்து மூன்று பேரிலிருந்து அல்ல. நான் வெளியே தள்ளியவரைக் கொண்டு, சபைப் பக்கமே வராத ஒருவரின் ரத்தத்தைக் கொண்டு.

வீடு திரும்பியதும் ஜோயலும் இன்னும் சிலரும் ஆப்பிளோடு வந்தார்கள். "பாத்தீங்களா சிஸ்டர், நம்ம குரூப் ஜெபத்துக்குப் பதில்!" என்று என்னோடு போட்டோ எடுத்துப் போட்டார்கள். மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் அது என் இரண்டாவது பொய். ஆனால் ஒரு வரி போதும் என்று அவர்களைப் பழக்கியது யார்? நான்தானே. இந்தக் கசப்பில் பாதிக்குமேல் எனக்கே சேர வேண்டியது.

பிரியமானவர்களே, நெருக்கடியில் இருந்தால் ஆண்டவரிடம் கேளுங்கள். தருவார். யார் கையில் தருவார் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

குரூப்பை மூடிவிட்டேன். ஊன்றுகோலோடு நடக்கிறேன். யாருக்கு எப்போது ஷிப்டு இல்லையோ அப்போது அவர் வீட்டுக்கே போய் உட்காரலாம், ஒரு வாரத்துக்கு ஒரு வீடு என்று அக்காவிடம் சொன்னேன்.

"போலாம். ஆனா நான் பேசுறேன், நீ சும்மா இரு. நீ வாயத் தொறந்தா ரூல்ஸ் போடுவ."

முதல் வீடு வரும் சனிக்கிழமை. ஜோயல் வீடு. பேசப்போவது லில்லி அக்கா, எத்தனை நிமிஷமானாலும்.