கனடாவில் ஒரு பூஸ்ட்

கனடாவில் என் காலை, சுவரிலுள்ள சின்ன விளக்குகளைப் பார்ப்பதில் தொடங்குகிறது. எல்லாம் எரிந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். வாடகைக்கு வீடு கிடைக்காமல், வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லரில்தான் குடியிருக்கிறோம். வாசலில் உள்ள மின்கம்பத்தின் பிளக்கில் ஒயரைச் செருகினால் பேட்டரி தானே சார்ஜ் ஆகும்; வெயிலடித்தால் கூரையிலிருக்கும் சோலார் தகடும் கொஞ்சம் கொடுக்கும். ஹீட்டர் கேஸில் எரிந்தாலும், அனலை உள்ளே தள்ளும் ஃபேன் பேட்டரியில்தான் ஓடுகிறது.

போன குளிர்காலத்தில் பனிப்புயல் அடித்து, டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும் எங்கள் பார்க் முழுக்கக் கரண்ட் போனது. சோலார் தகட்டைப் பனி மூடிவிட்டது. டிரெய்லரை இழுக்கும் பிக்கப் வண்டியில் வேலைக்குப் போன கணவர் சேவியர், சாலை அடைபட்டுத் திரும்ப முடியாமல் இருந்தார். நானும் கைக்குழந்தை ஜெனியும்தான். காலையில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. பக்கத்து டிரெய்லர் பெரியவர் கென் கதவைத் தட்டி, "நீட் எ பூஸ்ட்?" என்றார். எனக்குத் தெரிந்த பூஸ்ட் பாலில் கலக்குவது. குழந்தைக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "நோ தேங்க்ஸ், ஷி டிரிங்க்ஸ் ஒன்லி மை மில்க்" என்றேன். முகம் சிவக்க, தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஃபேன் நின்றது. ஜெனியின் விரல்கள் சில்லிட்டன. வல்லம் வடகால் தொழிற்சாலையில், கார்களுக்கு பேட்டரி மாட்டும் லைனில் நின்றவள் நான். எங்கள் ஊரில் கரண்ட் போனால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். "உங்க வூட்லயும் இல்லியா?" என்று யாராவது கேட்டாலே பாதி பயம் போய்விடும். இங்கே எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன.

சேவியருக்கு போன் செய்து, கென் பூஸ்ட் வேண்டுமா என்று கேட்டதையும் சொல்லி அழுதேன். "அய்யோ, பூஸ்ட்னா பேட்டரிக்குக் கரண்ட் குடுக்கிறது! புள்ளய தூக்கினு அவராண்ட ஓடு!"

ஓடினேன். ஜெனியைப் பார்த்ததுமே கென் சாவியை எடுத்தார். தன் வண்டியை எங்கள் டிரெய்லருக்குப் பக்கத்தில் நிறுத்தி, சிவப்பு, கறுப்பு ஒயர்களை மாட்டி எஞ்சினை ஓடவிட்டார். எங்களைத் தன் வண்டிக்குள்ளே சூட்டில் உட்காரவைத்துவிட்டு அவர் பனியில் நின்றார். மெல்ல மெல்ல ஜெனியின் விரல்கள் வெதுவெதுப்பாயின.

அப்போதுதான் எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியிலிருந்து அம்மா வீடியோவில் வந்தாள். அவள் பின்னால் கம்பெனி ஷிஃப்ட் பஸ்கள் ஹாரன் அடித்தன.

"வண்டில குந்தினு கீறீங்க? எங்கடி போறீங்க?"

"வூட்டுக்குத்தாம்மா."

"சரி, பத்திரமா போங்க."

எந்த வீடு என்று அவள் கேட்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.