லேப்டாப் போட்டுக்கொடுத்த ரகசியம்

இருபது வருடம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்ததில் அக்காவுக்குக் காது கூர்மை. அந்த வேலை போனதும் லேப்டாப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே சின்னதாக ஒரு கடை போட்டாள். ஆன் செய்ததும் வரும் 'பீப்' சத்தத்தை எண்ணியே கோளாறைச் சொல்லிவிடுவதால் தெருவே அவளைப் 'பீப் அக்கா' என்றது. கம்பெனிக்குக் கம்பெனி அந்த எண்ணிக்கை மாறும் என்பதால் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

ஒருநாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மனைவியோடு வந்தார். அவருடைய லேப்டாப் ஆன் செய்ததுமே நிறுத்தாமல் கத்தியது.

"இது எண்ணுற மாதிரி சத்தமில்ல சார். ஏதோ ஒரு கீ அமுங்கியே கிடக்குது" என்ற அக்கா, தடவிப் பார்த்து எண்டர் கீயைக் கழற்றினாள். அடியில் சாக்லேட் அப்பியிருந்தது. இனிப்பே கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்த சார், கண்ணாலேயே அக்காவைக் கெஞ்சினார்.

"வெறும் தூசிதாம்மா" என்றாள் அக்கா, முகம் மாறாமல்.

"தூசி இவ்வளவு வாசனையாவா இருக்கும்?" என்று மனைவி சாரிடம் கையை நீட்டினார். சார் பெருமூச்சுடன் லேப்டாப் பைக்குள்ளிருந்து நான்கு சாக்லேட்டுகளை எடுத்துக் கொடுத்தார்.

அதில் ஒன்றை அந்த அம்மாள் அக்காவிடம் நீட்டினார்.

"இந்தாம்மா, பொய் சொன்ன வாய்க்கு!"

அக்கா வெட்கப்படாமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, கீயைத் துடைத்து மாட்டினாள்.